குடகு காபித் தோட்ட வீடுகளில் தங்க ஒரு முழு வழிகாட்டி: மாதம் பார்ப்பதிலிருந்து கணக்கு முடிப்பது வரை

குடகில் ஹோம்ஸ்டே தேடுகிற பெரும்பாலோர் படத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். பனிமூட்டம், சிவப்பு ஓட்டு வீடு, வராந்தாவில் பிரம்பு நாற்காலி. பிடித்துப்போனால் பணம் கட்டிவிட்டு, அதற்கப்புறம் மாதத்தையும் வழியையும் பற்றி யோசிக்கிறார்கள். நான் எதிர்த்திசையில் போகச் சொல்வேன். முதலில் மாதம், அடுத்து வட்டாரம், கடைசியாகத்தான் வீடு. காரணம் எளிது. நீங்கள் தங்கப்போவது ஒரு குடும்பம் வாழ்கிற, வேலை நடக்கிற எஸ்டேட்டில். அந்த எஸ்டேட் அந்த வாரத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் உங்களுக்குக் கிடைக்கும் நாட்கள் அமையும்.

இந்தியாவில் விளையும் காபியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரே மாவட்டத்திலிருந்து வருகிறது. பெரும்பகுதி ரொபஸ்டா, உயரமான இடங்களில் அராபிகா. நிழலுக்கு சில்வர் ஓக், பலா, அத்தி, கல்யாண முருங்கை. மரங்களில் ஏறிப் படர்ந்த மிளகுக் கொடி. வெளியிலிருந்து பார்த்தால் காடு போலவே இருக்கும். யானைகளுக்கும் அப்படித்தான் தெரிகிறது. அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

காபிப் பூவைப் பார்க்க வேண்டுமா, பழம் பறிப்பதைப் பார்க்க வேண்டுமா, மழையைப் பார்க்க வேண்டுமா? மூன்றும் ஒரே பயணத்தில் கிடைக்காது.

பூ வருவது பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள். கோடையின் முதல் நல்ல மழையை அங்கே பூமழை என்பார்கள். அந்த மழை விழுந்து ஒரு வாரம், பத்து நாளில் செடி முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். மல்லிகையை ஒத்த மணம் தோட்டம் முழுதும் நிற்கும். இரண்டு மூன்று நாளில் பூ வாடிவிடும். எனவே இதைக் காலண்டரைப் பார்த்துத் திட்டமிட முடியாது. ஒரு வழி இருக்கிறது. ரொபஸ்டா தோட்டக்காரர்கள் பலர் மழைக்குக் காத்திருக்காமல் ஸ்பிரிங்க்ளர் போட்டுப் பூக்க வைக்கிறார்கள். பிப்ரவரி நடுவில் உரிமையாளருக்கு போன் செய்து, “தண்ணீர் எப்போது விடப் போகிறீர்கள்?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் தேதியிலிருந்து எட்டாவது, ஒன்பதாவது நாளுக்கு அறை எடுங்கள். எந்தப் பயண இணையதளமும் இந்தத் தகவலைத் தராது.

அராபிகா பறிப்பு நவம்பரிலிருந்து ஜனவரி வரை, ரொபஸ்டா ஜனவரியிலிருந்து மார்ச் வரை என்று பொதுவாகக் கொள்ளலாம். குடகை முதல் தடவை பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது டிசம்பர் இரண்டாம் வாரம் முதல் ஜனவரி கடைசி வரையிலான காலம்தான். சிவந்த பழம், அதன் தோலை நீக்கும் பல்ப்பர் இயந்திரம் ஓடும் சத்தம், களத்தில் காயும் காபி, காலையில் நல்ல குளிர் என்று எல்லாம் அப்போது ஒன்றாக அமையும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கலை ஒட்டிய நாட்களை மட்டும் விட்டுவிடுங்கள். வாடகை ஏறியிருக்கும், மடிக்கேரியில் வண்டி நகராது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. மழையை நேசிப்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு போங்கள். மின்சாரம் நாள் கணக்கில் இல்லாமல் போகலாம். காவிரி பெருகினால் பாகமண்டலா தண்ணீரில் நிற்கும். 2018 ஆகஸ்டில் மடிக்கேரியைச் சுற்றியுள்ள மலைகள் சரிந்து ஊர்களே அழிந்தன. 2020 ஆகஸ்டில் தலைக்காவிரியின் பிரம்மகிரியில் நிலம் சரிந்து உயிர்களைக் கொண்டுபோனது. ஜூலை, ஆகஸ்டில் செங்குத்தான சரிவை வெட்டிச் சமன்செய்து கட்டிய அறைகளை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. மழையில்தான் போவேன் என்றால் கோணிக்கொப்பல், பொன்னம்பேட்டைப் பக்கம் வயல்வெளியை ஒட்டிய வீடுகளைப் பாருங்கள். செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம் இன்னும் நல்லது. மழை தணிந்திருக்கும், பச்சை குறைந்திருக்காது, அருவிகளில் தண்ணீர் இருக்கும்.

திருவிழா நாட்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 17ஐ ஒட்டி வரும் துலா சங்கராந்தியில் தலைக்காவிரியில் தீர்த்தோற்பவம், காவிரி ஊற்றெடுத்துப் பொங்கும் விழா. மாயவரத்தில் ஐப்பசி துலா முழுக்கு தொடங்குகிற அதே சமயம்தான். அன்று பாகமண்டலாவைச் சுற்றி அறை கிடைப்பது கடினம். விஜயதசமி இரவு மடிக்கேரி தசரா ஊர்வலம் விடிய விடிய நடக்கும். நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ வரும் புத்தரி, குடகின் மண்ணின் மக்களான கொடவர்களின் புது நெல் அறுவடைத் திருநாள். சில வீடுகளில் அன்று விருந்தினரை ஏற்க மாட்டார்கள். சில வீடுகளில் கூடவே வயலுக்கு அழைத்துப் போவார்கள். முன்பே கேட்டுக்கொள்வதுதான் மரியாதை.

படி 2: வட்டாரத்தைத் தேர்ந்தெடுங்கள்

மேப்பில் குடகு சிறியது. மலைச்சாலையில் அப்படி இல்லை. நாற்பது கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். மாவட்டம் முழுவதையும் ஒரே வீட்டிலிருந்து பார்த்துவிடலாம் என்று நினைத்தால் பாதி விடுமுறை காரிலேயே போய்விடும்.

மடிக்கேரியைச் சுற்றி ராஜா சீட், கோட்டை, அப்பே அருவி. பேருந்தில் வருகிறவர்களுக்கு வசதி, ஆனால் கூட்டம் அதிகம். குஷால்நகர், சுண்டிகொப்பா பக்கம் மழை குறைவு, சாலை நல்ல சாலை, துபாரே யானை முகாமும் பைலகுப்பேயின் திபெத்தியப் பொற்கோயிலும் அருகில். சிறு குழந்தைகள், வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இதுவே சரி. சோமவார்பேட்டை அராபிகா மண். மல்லள்ளி அருவியும் புஷ்பகிரியும் அங்கே. வெளியூர்க் கூட்டம் இன்னும் குறைவாக வருகிற பகுதி அது.

தெற்கே விராஜ்பேட்டை, கோணிக்கொப்பல், குட்டா பகுதியில் ரொபஸ்டாவும் மிளகும் வயல்களும் கலந்திருக்கும். நாகரஹொளே காடும் இருப்பு அருவியும் பக்கம். கக்கபே என் மனதுக்கு மிகவும் நெருக்கமான இடம். குடகின் மிக உயர்ந்த சிகரமான தடியாண்டமோள், 1,748 மீட்டர், அங்கேதான். மலையேற்றம் தொடங்கும் இடத்திலேயே குடகு அரசர்களின் நாலக்நாடு அரண்மனை இருக்கிறது. கொடவர்களின் முக்கிய தெய்வமான இக்குத்தப்பாவின் கோயிலும் அருகில். சாலை மோசம், கடைகள் குறைவு, இரவில் இருட்டு முழு இருட்டு. அதற்காகவே போக வேண்டிய இடம்.

மூன்று இரவு இருந்தால் ஒரே வட்டாரம். ஐந்து இரவு என்றால் வடக்கில் ஒரு வீடு, தெற்கில் ஒரு வீடு.

படி 3: எந்த வகைத் தங்குமிடம்?

உண்மையான ஹோம்ஸ்டேயில் உரிமையாளர் குடும்பம் அதே வளாகத்தில் வசிக்கும், சாப்பாடு அவர்கள் சமையலறையிலிருந்து வரும். எஸ்டேட் பங்களா என்பது வெள்ளைக்காரத் துரைமார் காலத்து வீடு; உயர்ந்த கூரை, கணப்பு, சமையல்காரர். அதற்கேற்ற விலை. ரிசார்ட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லா ஊரிலும் ஒன்றுபோலவே இருக்கும். டவுனில் லாட்ஜுகள் உண்டு. மடிக்கேரியில் கர்நாடக சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் மயூரா வேலி வியூ இருக்கிறது. ஒரே இரவு தங்கிப் போகிறவர்களுக்கு அதுவே போதும்.

ஐந்தாவதாக ஒரு வகை பெருகிவிட்டது. ஹோம்ஸ்டே என்று போர்டு இருக்கும். ஆனால் உரிமையாளர் பெங்களூரில் இருப்பார், ஒரு மேனேஜரும் இரண்டு பையன்களும் நடத்துவார்கள். படுக்க இடம் கிடைக்கும். தோட்டத்தைப் பற்றிச் சொல்ல அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். விமர்சனங்களைப் படிக்கும்போது வீட்டுக்காரர்களைப் பற்றி எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஆன்ட்டி இப்படிச் சமைத்தார், அங்கிள் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார் என்று வந்தால் அது வீடு. நீச்சல்குளமும் டிஜேயும் மட்டுமே வந்தால் வேறு இடம் பாருங்கள்.

படி 4: போனில் பேசுங்கள்

செயலியில் பார்த்துச் சுருக்கிய மூன்று நான்கு வீடுகளுக்கு நேரடியாகப் பேசுவதுதான் இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான படி. மதியம் இரண்டு முதல் நான்கு மணிக்குள் கூப்பிடுங்கள். காலையில் தோட்ட வேலை, மாலையில் கூலிக் கணக்கு இருக்கும். ஆங்கிலம் போதும். தமிழ் தெரிந்தவர்களும் இருப்பார்கள், ஏனென்றால் தோட்டத் தொழிலாளர்களில் தமிழ் பேசுகிறவர்கள் அங்கே நிறைய.

முதலில் கேட்க வேண்டியது கடைசி இரண்டு கிலோமீட்டரைப் பற்றி. தார்ச்சாலையா, மண்சாலையா, தாழ்வான கார் வருமா, வராவிட்டால் ஜீப் அனுப்புவார்களா, அதற்குத் தனிக் காசா? அடுத்து மின்சாரம். கரண்ட் போனால் இன்வெர்ட்டரா ஜெனரேட்டரா, வெந்நீர் எப்படி வரும்? விறகு பாய்லர் வைத்திருக்கும் வீடு மழைக்காலத்தில் பெரிய வரம். சோலார் மட்டும் என்றால் ஜூலையில் குளிர்ந்த நீர்தான். எந்த சிம் எடுக்கும் என்பதையும் கேளுங்கள். பல எஸ்டேட்களில் ஒரே ஒரு நெட்வொர்க்தான் கிடைக்கும், அதுவும் வராந்தாவின் ஒரு மூலையில்.

விலை பல வீடுகளில் அறைக்கு இல்லை, தலைக்குத்தான். காலை உணவு சேர்ந்ததா, இரவுச் சாப்பாடும் உண்டா, குழந்தைக்கு எவ்வளவு, தீமூட்டிக் குளிர்காய்வதற்குத் தனியாக உண்டா என்று கேட்டு மொத்தத் தொகையை எழுதி வாங்குங்கள். மலிவாகத் தெரிகிற வீடு சாப்பாட்டைச் சேர்த்தால் விலை கூடிவிடலாம். அப்புறம், வாடகை வண்டியில் போகிறவர்கள் டிரைவருக்குப் படுக்கையும் சாப்பாடும் உண்டா என்பதை மறக்காமல் கேட்க வேண்டும். இரவு முழுக்கக் காருக்குள் குளிரில் கிடந்த மனிதரை மறுநாள் கொண்டை ஊசி வளைவில் ஓட்டச் சொல்வது அவருக்கும் அநியாயம், உங்களுக்கும் ஆபத்து.

கர்நாடக சுற்றுலாத் துறையில் பதிவு செய்திருக்கிறார்களா, பதிவு எண் என்ன என்றும் கேளுங்கள். ஒழுங்காக நடத்துபவர்கள் தயங்காமல் சொல்வார்கள். முன்பணம் கட்டும்போது கணக்கின் பெயரும் நீங்கள் பேசிய ஆளின் பெயரும் பொருந்துகிறதா என்று பாருங்கள். சமூக ஊடகப் படங்களைத் திருடிப் போலியாகப் பணம் வாங்குகிறவர்கள் எல்லாச் சுற்றுலாத் தலங்களிலும் உண்டு. மழைக்காலமாக இருந்தால் சாலை அடைபட்டோ எச்சரிக்கை வந்தோ பயணம் நின்றால் முன்பணம் என்னவாகும் என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள்.

படி 5: சாப்பாட்டைப் பேசி முடியுங்கள்

கொடவர் வீட்டுச் சமையலின் பெருமை பந்திக் கறி. பன்றி இறைச்சியை மிளகும் கச்சம்புளியும் சேர்த்துக் கறுக்கச் சமைப்பார்கள். கச்சம்புளி என்பது கொடம்புளி இனத்துப் பழத்தின் சாற்றைக் காய்ச்சிக் கெட்டியாக்கிய கறுப்புப் புளி. அதோடு கடம்புட்டு, அரிசி நொய்யில் செய்த உருண்டை. நூல்புட்டு நம் இடியாப்பத்தின் உறவு. காலையில் அக்கி ரொட்டி. மழைக்காலத்தில் மூங்கில் குருத்துக் கறி, காட்டுக் காளான். ஆகஸ்ட் 3ஐ ஒட்டி ஒரு மருந்துச் செடியின் தழையைக் காய்ச்சி ஊதா நிறத்தில் பாயசம் செய்வார்கள். பதினெட்டு மருந்துகள் அன்று அந்தச் செடியில் சேருகின்றன என்பது நம்பிக்கை. அந்த நாட்களில் இருந்தால் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் அதை முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். இரண்டு நாள் முன்னதாகத் தெரிந்தால் நன்றாகச் செய்து தருவார்கள். வந்து இறங்கியபின் சொன்னால் சந்தைக்குப் பதினைந்து கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்கும். தனிப் பாத்திரம் வேண்டும் என்பவர்கள் அதையும் கூச்சமில்லாமல் கேளுங்கள். முடியாது என்றால் முடியாது என்பார்கள், அப்போது வேறு வீடு பார்க்கலாம்.

காபியைப் பற்றி ஒரு வார்த்தை. கும்பகோணம் டிகிரி காபியை எதிர்பார்க்காதீர்கள். பல வீடுகளில் வெல்லம் போட்ட கறுப்புக் காபிதான் வழக்கம். தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் நாளெல்லாம் குடிக்கிற காபி அது. குளிர்ந்த காலையில் அதற்கு இணை இல்லை.

படி 6: போகும் வழி

குடகில் ரயில் கிடையாது. மைசூரு வரை ரயில், அங்கிருந்து மடிக்கேரிக்குச் சுமார் 120 கிலோமீட்டர் பேருந்தில். சென்னையிலிருந்து இரவு ரயில் காவேரி எக்ஸ்பிரஸ். கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சிக்காரர்களுக்கு மயிலாடுதுறை வழியாக வரும் மைசூரு ரயில் இருக்கிறது. மைசூருவிலிருந்து அரசுப் பேருந்துகள் அடிக்கடி கிடைக்கும். தெற்குக் குடகுக்குப் போகிறவர்கள் மடிக்கேரி போகாமல் ஹுன்சூர் வழியாகக் கோணிக்கொப்பல் பேருந்தைப் பிடியுங்கள்.

காரில் கோவை, ஈரோடு பக்கத்திலிருந்து சத்தியமங்கலம், திம்பம், சாம்ராஜ்நகர், மைசூரு. ஊட்டி, கூடலூர் வழியாகப் போகிறவர்கள் நீலகிரி இ-பாஸ் எடுக்க வேண்டும். பந்திப்பூரில் இரவு 9 முதல் காலை 6 வரை வண்டிகளை விட மாட்டார்கள். திம்பத்திலும் இரவுக் கட்டுப்பாடு உண்டு. எந்த வழியானாலும் மாலை ஐந்து மணிக்குள் எஸ்டேட் கேட்டை அடையும்படி கிளம்புங்கள். இருட்டிய பிறகு காபித் தோட்டச் சாலையில் யானை நிற்கலாம், மேப் தவறான பாதைக்கு இழுத்துப் போகலாம், போனும் எடுக்காமல் போகலாம். கடைசி டவுனிலிருந்து ஒரு போன் செய்து, இருப்பிடக் குறியீட்டோடு அடையாளத்தையும் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள்.

எடுத்துப் போக வேண்டியவை குறைவு: பெரியவர்கள் எல்லோருக்கும் அடையாள அட்டை, டார்ச், பிடிமானமுள்ள செருப்போ ஷூவோ, ஸ்வெட்டர், கொஞ்சம் பணத்தாள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களின் விவரத்தை வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். பாஸ்போர்ட், விசா நகலைக் கையோடு கொடுத்துவிடுங்கள்.

படி 7: தோட்டத்துக்குள்

போய்ச் சேர்ந்த அன்றே வீட்டுக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். யானை இப்போது எந்தப் பக்கம் இருக்கிறது? எந்தப் பகுதியில் மருந்து அடித்திருக்கிறது?

சித்தாபுரா, விராஜ்பேட்டைப் பகுதிகளில் யானைகள் காபித் தோட்டங்களிலேயே பகலைக் கழிக்கின்றன. பலா பழுக்கும் மாதங்களில் இன்னும் அதிகம். தொழிலாளர்கள் விடியற்காலையில் வேலைக்கு நடந்து போகும்போது யானையிடம் சிக்கி இறந்திருக்கிறார்கள். அதனால் தனியாகத் தோட்டத்துக்குள் நடக்க வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொன்னால் அதற்கு மேல் வாதமே கூடாது. ஆறு மணிக்குப் பிறகு வராந்தாவே உங்கள் எல்லை. பறவை பார்க்கிறவர்கள் கூட ஆளோடுதான் போக வேண்டும்.

மழைக்கு முன்பும் நடுவிலும் செடிகளுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அடிப்பார்கள். இலைகளில் நீலப் பூச்சு தெரிந்தால் தொடாதீர்கள், குழந்தைகளைத் தொட விடாதீர்கள். அட்டைப்பூச்சிக்கு உப்போ, மூக்குப்பொடியோ. கடித்தால் ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, பயப்பட ஒன்றுமில்லை. களத்தில் காபி காய்ந்தால் அதன் மேல் நடக்கக் கூடாது. பூவைப் பறித்துத் தலையில் வைக்கும் ஆசை பலருக்கு வரும்; ஒவ்வொரு பூவும் ஒரு பழம், அது அந்த வீட்டின் ஒரு வருட வருமானம். பழம் பறிக்கிற பெண்களைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். பறித்த எடைக்குத்தான் கூலி என்னும் இடங்களில் நீங்கள் நிறுத்திவைக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர்களுடைய காசு.

கொடவர் வீட்டுச் சுவரில் துப்பாக்கியைப் பார்த்தால் திகைக்க வேண்டாம். ஆயுத உரிமச் சட்டத்திலிருந்து அவர்களுக்கு விலக்கு உண்டு. செப்டம்பரில் வரும் கைல்போது திருநாளில் ஆயுதங்களைப் பூசிப்பார்கள். பரம்பரைக் கூட்டுக்குடும்ப வீடான ஐன்மனைக்கு அழைத்துப் போனால் செருப்பை வாசலில் விட்டு, நடுக்கூடத்து விளக்கை வணங்கிவிட்டு உள்ளே போங்கள். அந்த அழைப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

குப்பையைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த எஸ்டேட்களின் ஓடைகள்தான் காவிரியாகின்றன. கிருஷ்ணராஜ சாகரைத் தாண்டி ஒகேனக்கலில் விழுந்து மேட்டூருக்கு வருகிற தண்ணீர் இது. டெல்டாவில் நாம் சாகுபடிக்குக் காத்திருக்கும் தண்ணீரின் தலையிலேயே பாட்டிலையும் சிப்ஸ் உறையையும் வீசிவிட்டு வருகிறோம். கிராமங்களில் குப்பை வண்டி வராது, வீட்டுக்காரர் எரிக்கவோ புதைக்கவோதான் முடியும். கொண்டுபோன பிளாஸ்டிக்கை ஒரு பையில் கட்டி உங்களோடு திருப்பிக் கொண்டுபோங்கள்.

படி 8: நாட்களை அடைக்காதீர்கள்

மூன்று இரவுக்கு என் யோசனை: வந்த நாள் வராந்தா. இரண்டாம் நாள் விடியலில் ஒரே ஒரு வெளியூர்ப் பயணம். மடிக்கேரிப் பக்கம் என்றால் தலைக்காவிரியும் பாகமண்டலாவும், கக்கபே என்றால் தடியாண்டமோள். மலையேற்றத்துக்கு வனத்துறை அனுமதி வேண்டும், ஆன்லைனில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். மூன்றாம் நாள் காலை தோட்டத்துக்கு: விதை நாற்றங்காலிலிருந்து பல்ப்பர் வரை வீட்டுக்காரரே காட்டட்டும். இதற்கு இரண்டு மணி நேரம் கொடுங்கள். ரொபஸ்டா இலையையும் அராபிகா இலையையும் அளவில் வேறுபடுத்தத் தெரிந்துகொள்வதும், பழத்தைப் பிதுக்கி அந்த வழவழப்பான இனிப்பைச் சுவைப்பதும் அங்கே மட்டுமே கிடைக்கும். மதியம் சும்மா இருங்கள்.

படி 9: கணக்கு முடித்துக் கிளம்புதல்

முந்தைய இரவே கணக்கைக் கேட்டு வாங்குங்கள். காலையில் நெட்வொர்க் இல்லாமல் பணம் போகாது, ஏடிஎம் டவுனில்தான். சமையலிலும் அறையிலும் உதவியவர்களுக்குத் தனியாக, அவர்கள் கையிலேயே கொடுங்கள்.

காபித்தூள், மிளகு, தேன் வாங்குவதென்றால் சாலையோரக் கடைகளை விட உங்கள் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். சொந்தத் தோட்டத்துக் காபியை வறுத்துத் தருகிறவர்கள் உண்டு. எப்போது வறுத்தது, சிக்கரி கலந்ததா, அராபிகாவும் ரொபஸ்டாவும் எந்த அளவில் என்று கேளுங்கள். பால் விட்டுக் குடிக்கிற நம் வீட்டு ஃபில்டருக்கு ரொபஸ்டா கொஞ்சம் கூடுதலாக இருந்தால்தான் திடம் நிற்கும். கொட்டையாக வாங்கினால் மணம் நீடிக்கும். அரைத்து வாங்கினால் ஒரு மாதத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் வேண்டாம். திரும்பும் வழி பந்திப்பூர் என்றால் மாலை ஏழு மணிக்குள் குண்டல்பேட்டையைத் தாண்டும்படி, மதியச் சாப்பாட்டுக்குக் காத்திருக்காமல் கிளம்புங்கள்.